குறுக்குவழியின் கணக்கு

பேசி முடிவெடுக்கும் கணினிகள்: வரலாற்றுத் தொடர் – பகுதி 11

1999 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஓ.எஸ்.டி.ஐ. மாநாடு நடந்தது. எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்த மிகேல் காஸ்ட்ரோவும் அவருடைய வழிகாட்டி பார்பரா லிஸ்கோவும் அங்கே ஒரு கட்டுரை வாசித்தார்கள். அதன் உயிர் ஒரே எண்ணில் இருந்தது: 3 சதவீதம்.

அந்த எண்ணின் கனம் புரிய, முந்தைய பகுதிகளை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982இல் பைசாந்தியத் தளபதிகள் கட்டுரையை வெளியிட்டார்கள். கணினிக் கூட்டத்தில் ஒன்று செத்துப்போனால் சமாளிப்பது ஒரு வகை. ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொல்லும் கணினியைச் சமாளிப்பது அதைவிடக் கடினமான வகை. அப்படிப்பட்ட பொய்யர் ஒருவரைத் தாங்க நான்கு கணினிகள் வேண்டும். இருவரைத் தாங்க ஏழு. கோட்பாட்டாளர்கள் கொண்டாடினார்கள். ஆனால் சர்வர் நடத்துகிற பொறியாளர்களின் நடைமுறைக்குள் அது நுழையவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை பேச்சுவார்த்தை என்றால் பயனாளர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் அதற்குத்தான் பதில் வைத்திருந்தார்கள். ஒரே கோப்புச் சர்வரின் நான்கு நகல்களை நான்கு கணினிகளில் ஓட்டினார்கள். அவற்றில் ஒன்று எப்படிக் கெட்டாலும், வேண்டுமென்றே பொய் சொன்னாலும், பயனாளருக்குச் சரியான விடை கிடைக்கும். ஒற்றைக் கணினியில் ஓடும் சாதாரண என்.எஃப்.எஸ். சர்வரோடு ஒப்பிட்டபோது வேகம் 3 சதவீதம்தான் குறைந்தது. இந்த முறைக்குப் பி.பி.எஃப்.டி. என்று பெயர். ‘நடைமுறைக்கு உகந்தது’ (பிராக்டிகல்) என்பதைப் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட முறை.

பொய்யரைத் தாங்குவது கைக்கெட்டாத ஆடம்பரம் என்ற எண்ணம் அன்று உடைந்தது. ‘இன்னும் எவ்வளவு வேகமாக்கலாம்?’ என்ற பந்தயமும் தொடங்கியது. அதில் மிச்சம்பிடித்த ஒவ்வொரு நொடித்துளிக்கும் பின்னாளில் ஒரு ரசீது வந்து சேர்ந்தது. இந்தப் பகுதி அந்த ரசீதுகளைப் பற்றியது.

நான்கு கணினி, ஐந்து படி

பி.பி.எஃப்.டி. எப்படி ஓடுகிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நான்கு கணினிகளில் ஒன்று தலைமை. பயனாளர் தன் கோரிக்கையைத் தலைமைக்கு அனுப்புகிறார். இது முதல் படி. தலைமை அதற்கு ஒரு வரிசை எண் கொடுத்து, “57ஆவது வேலை இது” என்று மற்ற மூன்றுக்கும் அறிவிக்கிறது. இது இரண்டாம் படி.

இங்கேயே வேலையைச் செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் தலைமையே பொய்யராக இருந்தால்? இரண்டு கணினிகளிடம் “57ஆவது வேலை, பணத்தை வரவு வை” என்றும் மூன்றாவதிடம் “57ஆவது வேலை, கணக்கை மூடு” என்றும் அது சொல்லலாம். ஆகவே மூன்றாம் படியில் ஒவ்வொரு கணினியும் தனக்கு வந்ததை மற்ற எல்லோரிடமும் ஒப்பிட்டுச் சொல்கிறது. நான்கில் மூன்று ஒத்துப்போனால், இந்தத் தலைமையின் காலத்தில் 57ஆம் இடத்துக்கு வேறு வேலை வரவே முடியாது.

அதற்குப் பிறகும் ஒரு சுற்று இருக்கிறது. நான்காம் படியில் ஒவ்வொன்றும், “மூன்று பேர் ஒத்துப்போனதை நான் பார்த்துவிட்டேன்” என்று எல்லோருக்கும் சொல்கிறது. அப்படி மூன்று குரல் சேர்ந்த பிறகே வேலையைச் செய்து, ஐந்தாம் படியில் பயனாளருக்கு விடை அனுப்புகிறது. ஒரே மாதிரி இரண்டு விடை வந்தால் பயனாளர் நம்பலாம். இரண்டில் ஒன்றாவது நேர்மையானதாகத்தானே இருக்கும்?

நான்காம் படி எதற்கு? எல்லாம் நல்லபடியாக ஓடும் நாளில் அதற்கு வேலையே இல்லை. தலைமைக் கணினி நடுவில் செத்துப்போகும் நாளுக்காக, அல்லது அது பொய்யர் என்று மற்றவை சந்தேகப்படும் நாளுக்காக வைத்த படி அது. புதிய தலைமை வந்து, “முன்பு என்ன முடிவாகியிருந்தது?” என்று விசாரிக்கும்போது பழைய முடிவு அழியாமல் கிடைக்க வேண்டும். மூன்று பேர் ஒத்துப்போனதை ஒரே ஒரு கணினி மட்டும் பார்த்து, அதுவும் மௌனமாகிவிட்டால் தடயம் போய்விடும். பார்த்தவர்கள் போதுமான பேர் இருக்கிறார்கள் என்று உறுதிசெய்கிறது நான்காம் படி.

லிஸ்கோவுக்கு இது புதிதல்ல. பொய் சொல்லாமல் வெறுமனே செத்துப்போகும் கணினிகளுக்கு அவரும் பிரையன் ஓகியும் 1988இலேயே ஒரு முறை எழுதியிருந்தார்கள். தலைமை மாறினாலும் முடிவு மாறக் கூடாது என்பதே அதிலும் மையம். பி.பி.எஃப்.டி. அந்த மரபில் வந்தது.

ஆனால் வேகம் தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் படுவதும் அந்த நான்காம் படிதான். நல்ல நாளில் சும்மா இருக்கும் செலவு அது. காஸ்ட்ரோவும் லிஸ்கோவுமே அதை ஓரளவு ஒதுக்கினார்கள். மூன்றாம் படி முடிந்ததும் கணினிகள் தற்காலிகமாக வேலையைச் செய்து விடை அனுப்பிவிடும். நான்காம் படி பின்னணியில் ஓடும். பயனாளர் இரண்டுக்குப் பதில் மூன்று ஒத்த விடைகளுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து படி நான்காகக் குறைந்தது.

43 மில்லி நொடியும் 10 மைக்ரோ நொடியும்

அந்த 3 சதவீதம் பிறந்ததற்குப் படிகளைக் குறைத்ததைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முன்பிருந்த முறைகளில் ஒவ்வொரு செய்திக்கும் டிஜிட்டல் கையொப்பம் போட வேண்டியிருந்தது. அன்றைய 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் ப்ரோ கணினியில் 1024 பிட் ஆர்.எஸ்.ஏ. கையொப்பம் ஒன்றைப் போட 43 மில்லி நொடி ஆனது. உள்ளூர் நெட்வொர்க்கில் செய்தி போய்ச் சேரும் நேரத்தை அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. காத்திருப்பில் பெரும்பகுதி கையெழுத்துப் போடுவதிலேயே கழிந்தது.

காஸ்ட்ரோ கையொப்பத்தை எடுத்துவிட்டு ‘மேக்’ என்ற ரகசிய முத்திரையை வைத்தார். இரண்டு கணினிகள் தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொண்டு, அதை வைத்துச் செய்திக்கு முத்திரை குத்துவது இது. அதே பென்டியம் ப்ரோவில் 64 பைட் செய்திக்கு இது எடுத்துக்கொண்ட நேரம் 10.3 மைக்ரோ நொடி. ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு! 1999 வடிவத்தில் தலைமை மாற்றத்துக்கு மட்டும் கையொப்பத்தை விட்டுவைத்தார்கள். 2000இல் வந்த அடுத்த வடிவத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

முத்திரை கையொப்பம் ஆகாது. கையொப்பத்தை யாரிடமும் காட்டலாம். யார் பார்த்தாலும் போட்டவர் யார் என்று தெரியும். முத்திரையோ இருவருக்கு இடையில் மட்டும் செல்லும். “இவர் எனக்கு இதைத்தான் அனுப்பினார்” என்று மூன்றாமவரிடம் நிரூபிக்க வழியில்லை. அதனால் ஒரு செய்தியை நான்கு கணினிகளுக்கு அனுப்பும் பயனாளர் நான்கு தனித்தனி முத்திரைகளைக் கோத்து அனுப்ப வேண்டும். தலைமைக்குரிய முத்திரையைத் தலைமை மட்டுமே சரிபார்க்க முடியும். மற்ற மூன்றும் அவரவருக்கு உரியவை. இந்தச் சின்ன வேறுபாடு பத்து ஆண்டுகள் பெரிதாக வெளியே வரவில்லை.

பந்தயம்

கையொப்பச் செலவு போன பிறகு மிஞ்சியது தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. நியூயார்க்கிலிருந்து லண்டன் ஏறத்தாழ 5,570 கிலோமீட்டர்; நேர்கோட்டில் இழை போட்டாலும் ஒருவழிக்கு 28 மில்லி நொடி. ஐந்து படியும் அட்லாண்டிக்கைத் தாண்ட நேர்ந்தால் 140. மூன்றே படி என்றால் 84. எந்த வேகமான சிப் வாங்கிப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. குறைக்க வழி ஒன்றுதான்: படிகளைக் குறைக்க வேண்டும்.

2005இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜான்-ஃபிலிப் மார்ட்டினும் லோரென்சோ அல்விசியும் ‘ஃபேப்’ முறையைக் கொண்டுவந்தார்கள். தலைமை முன்மொழிந்ததும் ஒரே சுற்றில் முடிவு. ஆனால் ஒரு பொய்யரைத் தாங்க நான்குக்குப் பதில் ஆறு கணினிகள். அதே ஆண்டு கார்னகி மெலன் குழுவின் ‘கியூ/யூ’ தலைமையையே தூக்கி எறிந்தது. பயனாளரே நேரடியாக எல்லாக் கணினிகளோடும் பேசலாம் என்றது. ஒரே தரவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடாதவரை அது பறந்தது, தொட்டால் தடுமாறியது. 2006இல் லிஸ்கோவ் குழுவின் ‘எச்கியூ’, மோதல் வராதவரை தலைமை இல்லாமலும், வந்தால் பி.பி.எஃப்.டி.யிடம் ஒப்படைத்தும் ஓடியது.

பந்தயத்தின் உச்சம் 2007 அக்டோபரில், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்சனில் நடந்த எஸ்.ஓ.எஸ்.பி. மாநாட்டில் வந்தது. ராமகிருஷ்ண கோட்லா, அல்விசி, மைக் டாலின், ஆலன் கிளமென்ட், எட்மண்ட் வாங் ஆகியோரின் ‘ஸிஸிவா’ முறை அது.

அவர்கள் செய்தது துணிச்சலான காரியம். பயனாளர் தலைமைக்கு அனுப்புகிறார். தலைமை எண் கொடுத்து மற்றவற்றுக்கு அனுப்புகிறது. அவை தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உடனே வேலையைச் செய்து பயனாளருக்கு விடை அனுப்பிவிடுகின்றன. மொத்தம் மூன்றே படி. செக் பாஸாகும் முன்பே சரக்கை லாரியில் ஏற்றிவிடும் மொத்த வியாபாரியைப் போல. செக் திரும்பினால் சரக்கையும் திருப்ப வேண்டும். ஆனால் எத்தனை செக் திரும்பிவிடப் போகிறது?

கணினிகள் ஒன்றையொன்று சரிபார்க்கவில்லை என்றால் பொய்யரை யார் பிடிப்பது? பயனாளர்தான். ஒவ்வொரு விடையோடும் அந்தக் கணினி இதுவரை செய்த எல்லா வேலைகளின் சுருக்க அடையாளமும் வரும். நான்கும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. மூன்றுதான் ஒத்துப்போகிறது என்றால் அந்த மூன்று விடைகளையும் சேர்த்துப் பயனாளர் ஒரு சான்றிதழ் ஆக்கி எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புவார். மூன்று கணினிகள் “பெற்றுக்கொண்டோம்” என்றால் அப்போது முடிந்தது. இது ஐந்து படி. ஆக ஸிஸிவாவுக்கு இரண்டு வழிகள். நான்கும் நன்றாக இருந்தால் வேக வழி. ஒன்று இடறினாலும் நிதான வழி.

முதல் ரசீது

நொடிக்கு எத்தனை கோரிக்கை என்ற சோதனையில் ஸிஸிவா ஏறத்தாழ 66,000 வரை போனது; பி.பி.எஃப்.டி. 61,000ஐத் தாண்டியது. 2009 ஏப்ரலில் பாஸ்டனில் நடந்த என்.எஸ்.டி.ஐ. மாநாட்டில் இந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் வைத்துக் காட்டினார்கள். பழுதான பயனாளர் ஒரே ஒருவர் உள்ளே வந்தால் இரண்டின் வேகமும் பூஜ்யம்.

காட்டியவர்கள் வெளியார் அல்ல. கிளமென்ட், வாங், அல்விசி, டாலின் நால்வரும் ஸிஸிவா ஆசிரியர்களே. மிர்கோ மார்கெட்டியும் அவர்களோடு சேர்ந்திருந்தார். தங்கள் குதிரையைத் தாங்களே சோதித்தார்கள்.

பூஜ்யத்துக்குக் காரணம் அந்தப் பழைய முத்திரை. விஷமம் செய்யும் பயனாளர் நான்கு முத்திரைகளில் தலைமைக்கு உரியதை மட்டும் சரியாகக் குத்தி, மற்ற மூன்றையும் குப்பையாக அனுப்புகிறார். தலைமை பார்க்கிறது: சரியான கோரிக்கை. எண் கொடுத்து அனுப்புகிறது. மற்றவை பார்க்கின்றன: போலி முத்திரை. இப்போது குற்றவாளி யார்? பயனாளர் ஏமாற்றினாரா, தலைமையே கோரிக்கையைப் புனைந்ததா? மூன்றாமவரிடம் நிரூபிக்க முடியாத முத்திரை என்பதால் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சந்தேகம் தலைமை மேல் விழுகிறது. தலைமை மாற்றம் தொடங்குகிறது. புதிய தலைமைக்கும் அதே விஷமம். எல்லா நேரமும் தலைமை மாற்றத்திலேயே போகிறது. தவறான விடை ஒன்றுகூட வெளியே போகவில்லை. சரியான விடையும் போகவில்லை.

இதற்கு மாற்றாக அவர்கள் முன்வைத்த ‘ஆர்ட்வார்க்’ முறையில் பயனாளரின் கோரிக்கைக்குக் கையொப்பம் திரும்பி வந்தது. பயனாளர்களுக்கு ஒரு நெட்வொர்க் அட்டை, சக கணினி ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை என்று பிரித்தார்கள். வேகம் குறைந்தால் தலைமையை வழக்கமாகவே மாற்றினார்கள். தலைமை மாற்றம் அவசரகால நடவடிக்கையாக இல்லாமல் அன்றாட நடைமுறை ஆயிற்று. உச்ச வேகம் நொடிக்கு 38,000 சொச்சமாக இறங்கியது. ஆனால் பழுதான பயனாளர் வந்தாலும் அந்த எண் அப்படியே நின்றது.

இரண்டாம் ரசீது

முதலாவது, வேகத்துக்கு வந்த ரசீது. 2017 டிசம்பரில் வந்தது சரித்தன்மைக்கே வந்த ரசீது. இத்தாய் ஆப்ரஹாம், கை குவெட்டா, தாலியா மால்கி மூவரும் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். ஸிஸிவாவில் ஒரே இடத்துக்கு இரண்டு வெவ்வேறு வேலைகள் முடிவாகிவிடக் கூடும். ஃபேப் முறை மேற்கொண்டு நகர முடியாமல் சிக்கிக்கொள்ளக் கூடும் என்றது அது. நூறு கணினி, ஆயிரம் தற்செயல் எதுவும் தேவைப்படவில்லை. நான்கு கணினிகள், ஒன்றிரண்டு தலைமை மாற்றங்கள், வேலைப் பட்டியலின் முதல் இடம், இவ்வளவு போதும். குறிப்பில் கையொப்பமிட்ட மற்ற மூவர் அல்விசி, கோட்லா, மார்ட்டின். அதாவது ஸிஸிவா, ஃபேப் இரண்டின் ஆசிரியர்கள்.

பத்து ஆண்டுகள். இடையில் 2009இல் ஸிஸிவாவின் விரிவான வடிவம் ஏ.சி.எம். ஆய்விதழில் வந்திருந்தது. எத்தனையோ முறைகள் அதன் மேல் கட்டப்பட்டிருந்தன. எல்லோர் கண்ணும் வேக வழி மேல் இருந்தது. பிழை அங்கே இல்லை. தலைமை மாற்றத்தில் இருந்தது.

புதிய தலைமையின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நான்கில் ஒன்று செத்திருக்கலாம் என்பதால் மூன்று அறிக்கைகளுக்கு மேல் காத்திருக்க முடியாது. அந்த மூன்றிலும் ஒன்று பொய்யருடையதாக இருக்கலாம். முன்பு வேக வழியில் ஒரு வேலை முடிவாகியிருந்தால், உங்கள் கையில் நிச்சயமாக இருப்பது இரண்டு ஒத்த தடயங்கள் மட்டுமே. நிதான வழியில் முடிவாகியிருந்தால் ஒரு நேர்மையான கணினியிடமாவது சான்றிதழ் இருக்கும். இரண்டு வகைச் சாட்சியம், இரண்டுக்கும் வெவ்வேறு கனம். ஒரே இடத்துக்கு இரண்டு தடயங்கள் ஒன்றைச் சொல்லி, ஒரு சான்றிதழ் வேறொன்றைச் சொன்னால் எதை ஏற்பது? எது எந்தத் தலைமையின் காலத்தில் பிறந்தது? சான்றிதழை வாங்கிய பயனாளர் அதை ஒரே ஒரு கணினியிடம் கொடுத்துவிட்டுக் காணாமல் போயிருந்தால்? இப்படி எல்லாச் சேர்க்கைகளுக்கும் சரியான தீர்ப்பு ஒன்றுதான் இருக்க முடியும். எழுதிவைத்த விதி சில சேர்க்கைகளில் தவறான தீர்ப்புச் சொன்னது.

பி.பி.எஃப்.டி.யில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே ஒரே வழி, ஒரே வகைச் சாட்சியம். நல்ல நாளில் சும்மா இருக்கிறது என்று நாம் பார்த்த நான்காம் படி அதைத்தான் சம்பாதித்துக் கொடுத்தது. ஸிஸிவா அதை எடுத்துவிட்டு மிச்சம்பிடித்த நேரம், தலைமை மாற்ற விதியின் சிக்கலாக மாறி, படிப்பவர் கண்ணுக்குத் தப்பி உட்கார்ந்திருந்தது.

பொய்யர் இல்லாத உலகிலும் இதே கதை உண்டு. 2013இல் வந்த ‘ஈபாக்ஸோஸ்’ தலைமையே இல்லாமல், பெரும்பாலான வேலைகளை ஒரே சுற்றில் முடித்துப் புகழ்பெற்றது. அதிலும் மீட்பு வழியில் பிழை இருப்பதைப் பியர் சூத்ரா பின்னாளில் காட்டினார்.

விதியைத் தலைகீழாக எழுதுதல்

ஸிஸிவாவைக் கைகழுவ வேண்டியிருக்கவில்லை. 2018 தொடக்கத்தில் அந்த டிசம்பர் குறிப்பின் ஆசிரியர்களில் சிலர் ஸிஸிவா, ஃபேப் இரண்டுக்கும் பொதுவான ஒரு தலைமை மாற்ற விதியை எழுதி, வேக வழியையும் நிதான வழியையும் பிழையின்றி இணைத்தார்கள். குவெட்டா குழுவின் ‘எஸ்.பி.எஃப்.டி.’ முறை அந்த இணைப்பின் மேல் எழுந்தது. ஃபேப் கேட்ட ஆறு கணினிகளும் உண்மையில் தேவையில்லை என்று 2021இல் பீட்டர் குஸ்னெட்சோவ், ஆந்த்ரே தொன்கிக், யான் ஜாங் மூவரும் நிறுவினார்கள். ஒரு பொய்யரைத் தாங்கி இரண்டே படியில் முடிவெடுக்க நான்கு கணினிகளே போதும். அந்த இரண்டு கணினிகளை மிச்சப்படுத்தியதும் தலைமை மாற்றத்தைக் கூர்ந்து பார்த்ததால் கிடைத்த பலன். புதிய தலைமை, பழைய தலைமை இரட்டை நாக்கால் பேசியதற்கான ஆதாரத்தைக் கண்டுவிட்டால், பொய்யர் யார் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அவருடைய அறிக்கையை ஒதுக்கிவிட்டு எண்ணலாம்.

ஆக, படிகளைக் குறைப்பது முடியாத காரியம் அல்ல. எந்த வரிசையில் சிந்திக்கிறோம் என்பதே கேள்வி. 2005 முதல் 2007 வரை வந்தவர்கள் நல்ல நாளின் வேகத்தை முதலில் வரைந்தார்கள். கெட்ட நாளுக்கான மீட்பைப் பின்னிணைப்பாக எழுதினார்கள். 2017க்குப் பிறகு வரிசை தலைகீழானது. புதிய தலைமை மூன்று அறிக்கைகளை வைத்து என்ன தீர்ப்புச் சொல்லும் என்பதை முதலில் எழுது; அந்தத் தீர்ப்புக்குப் போதுமான தடயத்தை விட்டுச்செல்லும் மிகக் குறைந்த படிகள் எவையோ அவையே உன் வேக வழி.

இந்தத் தலைகீழ்ச் சிந்தனையின் முதல் பெரிய விளைவு வேடிக்கையானது. டிசம்பர் குறிப்பு வந்து மூன்றே மாதத்தில், 2018 மார்ச்சில், ஆப்ரஹாம், குவெட்டா, மால்கி மூவரும் புதிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதில் பி.பி.எஃப்.டி.யில் இருந்ததைவிட ஒரு சுற்று அதிகம்! தலைமை மாற்றத்தை மலிவாக்குவதற்காக நல்ல நாளின் தாமதத்தை வேண்டுமென்றே கூட்டினார்கள். நான்கு கணினிகள் இருக்கும் இடத்தில் அது வீண்செலவாகத் தெரியும். நூறு கணினிகள் இருந்தால் பி.பி.எஃப்.டி. ஒரு முடிவுக்கு ஏறத்தாழ 20,000 செய்திகளைக் கேட்கும். அங்கே கணக்கே வேறு. ஓராண்டுக்குப் பிறகு ஃபேஸ்புக் தன் லிப்ரா நாணயத் திட்டத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தது. ‘ஹாட்ஸ்டஃப்’ என்ற அந்த முறையையும், கூட்டிய சுற்றைத் திரும்பக் கழிக்க 2023 வரை நடந்த முயற்சிகளையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)